கடைசி மேசைக்கும் தெரிய வேண்டும்

பெரிய மகளுக்கு மாப்பிள்ளை தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. மண்டபத்தில் இல்லாமல் போய்விட்டேன் என்று நினைக்க வேண்டாம். மேடையில்தான் இருந்தேன், பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, கையை நீட்டினால் மகளைத் தொட்டுவிடும் தூரத்தில். கெட்டிமேளம் முழங்கியது, அட்சதை பறந்தது, என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கண்ணுக்கு முன்னால் இருந்ததோ கறுப்புச் சட்டை போட்ட ஓர் அகலமான முதுகு. அந்த முதுகில் வீடியோ கம்பெனியின் பெயரும் கைப்பேசி எண்ணும் அச்சடித்திருந்தது. இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் அந்த எண்ணைச் சொல்லிவிடுவேன்.

கிள்ளானில் நம்மவர் கல்யாணத்துக்குப் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெண் வீட்டார் ஒரு புகைப்படக்காரரை வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவரை நம்பாமல் இன்னொருவரை வைப்பார்கள். வீடியோவுக்கு ஆள் தனி. கைப்பேசியில் குட்டிக் குட்டியாகப் படம் பிடித்து உடனுக்குடன் உலகத்துக்குக் காட்டுகிறவர் தனி. முகூர்த்தம் நெருங்கியதும் இவர்கள் எல்லாரும் சேர்ந்து மணவறையைச் சுற்றி வேலி கட்டிவிடுவார்கள். ஐயரே இவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் நெய் ஊற்றுவார். மாலை மாற்றியது படத்தில் சரியாக விழவில்லை என்று ஒரு மாப்பிள்ளையை மறுபடியும் மாற்றச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். அவரும் மறுபேச்சில்லாமல் மாற்றினார். கீழே உட்கார்ந்திருக்கிற சனம், வந்தது சாப்பாட்டுக்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்ளும்.

என் அக்கா கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் இருக்கிறார். எனக்கு மூத்தவர், எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதவர், அதாவது எல்லாவற்றையும் வெளியே சொல்லிவிடுகிறவர். பெரியவள் கல்யாணத்தைப் பற்றி யார் விசாரித்தாலும் அவரிடம் ஒரே பதில்தான். "கல்யாணத்துக்கு எங்க போனேன்? கேமராக்காரன் முதுகுக்கு மொய் எழுதிட்டு வந்தேன்." இதை அவர் என் முன்னாலும் சொல்லுவார், சம்பந்தி முன்னாலும் சொல்லுவார். நான் சிரித்துக்கொண்டே கேட்பேன். ஆனால் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தேன். அக்கா பார்க்காததாவது பரவாயில்லை. பெற்ற அப்பன் பார்க்கவில்லை என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

சின்னவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மனைவியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். எனக்கு இருப்பது இரண்டு மகள்கள். ஒன்றைக் கோட்டை விட்டாகிவிட்டது. இவளுக்குத் தாலி ஏறுவதை நான் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். நான் மட்டுமல்ல, மண்டபத்தின் கடைசி மேசையில் உட்கார்ந்திருக்கிறவரும் பார்க்க வேண்டும். அதற்கு ஒரே வழி மேடையில் பெரிய எல்இடி திரை. கேமராக்காரர்கள் எப்படியும் மறைக்கத்தான் போகிறார்கள். மறைக்கட்டும். அவர்கள் எடுக்கிறதையே அவர்கள் தலைக்கு மேலே காட்டிவிட்டால் யார் மறைத்தால் என்ன, நிமிர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

இந்த யோசனை எனக்கு உதித்தபோது நான் அடைந்த பெருமையை எழுத்தில் சொல்ல முடியாது.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஷா ஆலத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு துளை அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் முழு லோரியையும் திருப்பி அனுப்பியவன். ஓய்வு பெற்ற பிறகு திருப்பி அனுப்ப லோரி இல்லாததால் வீட்டில் தோசையைத் திருப்பி அனுப்பினேன், தையல்காரர் தைத்த சட்டையைத் திருப்பி அனுப்பினேன். மனைவி பொறுத்துக்கொண்டாள். ஆகவே திரை வாடகைக்கு எடுப்பது என்று முடிவானதும், எல்லாரும் செய்வதுபோல மண்டபத்துக்காரர் தருகிற திரையை வாங்கி மாட்டிவிட்டுப் போகிற ஆளாக நான் இருக்க முடியாது. விசாரித்தேன். படித்தேன். வீடியோக்கள் பார்த்தேன். பிக்சல் பிட்ச் என்ற ஒன்று என் வாழ்க்கைக்குள் வந்தது.

விஷயம் சின்னதுதான். எல்இடி திரை என்பது ஆயிரக்கணக்கான குட்டி விளக்குகள். ஒரு விளக்கின் நடுவிலிருந்து பக்கத்து விளக்கின் நடுவுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் பிட்ச். இடைவெளி குறைந்தால் படம் நெருக்கமாக, வழவழப்பாக இருக்கும், வாடகையும் அதற்கேற்றபடி இருக்கும். இடைவெளி கூடினால் கிட்டே போனவருக்குப் படம் தெரியாது, புள்ளிகள்தான் தெரியும். எட்டப் போனால் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து படமாகிவிடும். எத்தனை மில்லிமீட்டர் இடைவெளியோ அத்தனை மீட்டர் தள்ளி நின்றால் போதும் என்பது தொழிலில் இருப்பவர்கள் சொல்லுகிற தோராயக் கணக்கு. தோராயம் என்ற வார்த்தையே எனக்கு ஆகாது. நானே சோதித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

பூச்சோங்கில் கடைவரிசை ஒன்றில் திரை வாடகைக்குக் கொடுக்கிற கடை இருந்தது. நடத்துகிறவர் நம்மவர், நாற்பது வயதிருக்கும், முதல் நாள் கம்பெனி விருந்துக்கு மாட்டிய திரையை மறுநாள் கல்யாணத்துக்கு மாட்டுகிறவர். எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து வருகிற பதில் "கேன்" என்பதுதான், முடியும் என்று அர்த்தம். மணவறைக்கு மேலே மாட்டலாமா? கேன், அங்கிள். நேரடியாகக் காட்டலாமா? கேன். புள்ளி தெரியாமல் இருக்குமா? கேன், அங்கிள், கேன். எந்தப் பிட்ச் போட்டால் எந்தத் தூரத்தில் புள்ளி மறையும் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எல்லாரும் நாலு புள்ளி எட்டுதான் போடுகிறார்கள், இதுவரைக்கும் ஒருத்தரும் புள்ளி தெரியுதுன்னு சொன்னதில்லை என்றார். கல்யாணத்தில் யாராவது பிக்சலைப் பற்றிப் பேசுவார்களா என்று அவர் கேட்கவில்லை. முகத்தில் எழுதியிருந்தது.

அவரிடம் இரண்டு வகை இருந்தன. ஒன்று ரெண்டு புள்ளி ஒன்பது, இன்னொன்று நாலு புள்ளி எட்டு. இரண்டிலும் ஒவ்வொரு பலகையைக் கடைக்கு வெளியே எடுத்து நிறுத்தச் சொன்னேன். சின்னவளின் நிச்சயதார்த்தப் படத்தை அதில் போடச் சொன்னேன். மனைவியைப் பலகைக்குப் பக்கத்தில் குடையோடு நிற்க வைத்துவிட்டு, கையில் அளவு நாடாவோடு கார் நிறுத்துமிடத்துக்குள் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தேன். நடுப்பகல் வெயில். ஒரு கார் ஹாரன் அடித்தது, ஒதுங்கினேன். மீ கோரேங் நூடுல்ஸ் விற்கிற வண்டிக்காரர் என்னைப் பார்த்துவிட்டு எதையோ தேடுகிறேன் என்று நினைத்து அவரும் தரையைப் பார்த்தார். மகளின் நெற்றிப் பொட்டு புள்ளிகளாக இருந்தது, நாலைந்து தப்படி நகர்ந்ததும் வட்டமானது. வட்டமான இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டேன்.

மனைவி அங்கிருந்தே சத்தமாகக் கேட்டாள், இப்போது தெரிகிறதா என்று. தெரிகிறது என்றேன். தெரிந்தால் போகலாமே, தலை காய்கிறது என்றாள். பொறுமை இல்லாத பெண்களோடு எந்தச் சோதனையும் செய்ய முடியாது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் பேசவில்லை. நான்தான் பிட்ச் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன்.

அடுத்தது மண்டபம். கிள்ளானில் இருக்கிற அந்த மண்டபத்துக்கு ஒரு வார நாளில் போய் மேடையிலிருந்து ஒவ்வொரு மேசை வரிசைக்கும் எவ்வளவு தூரம் என்று நாடாவைப் பிடித்து அளந்தேன். மேலாளர் வந்து, கார்ப்பெட் போடப் போகிறோமா என்று மரியாதையாக விசாரித்தார். இல்லை, கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரம் பார்க்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு கண் பார்த்துக்கொள்ளும்படி பணியாள் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அளந்தபோதுதான் எனக்கு ஒரு பேருண்மை பிடிபட்டது. நம் சனம் முன் மேசையில் உட்காரவே உட்காராது. முதல் வரிசையில் சிவப்பு நாடா கட்டி டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகருக்கு என்று ஒதுக்கியிருப்பார்கள். டத்தோ தாலி கட்டி முடிந்த பிறகுதான் வருவார், படம் எடுத்துக்கொள்வார், போய்விடுவார். இரண்டாவது வரிசை மாப்பிள்ளை வீட்டாருக்கு. அவர்கள் பாதிப் பேர் மேடையில் நிற்பார்கள். மிச்சமுள்ள சொந்தபந்தம் முழுக்கப் பின்னால்தான். சாப்பாடு அங்கேதான் வைத்திருக்கிறது, கழிப்பறை அங்கேதான், முக்கியமாகக் கார் நிறுத்துமிடத்துக்குப் போகிற வாசலும் அங்கேதான். முதலில் வெளியேறுகிறவருக்கு ஜாம் இல்லை. என் அக்கா எந்த மண்டபத்துக்குப் போனாலும் வாசலுக்குப் பக்கத்து மேசையைத்தான் பிடிப்பார். அங்கிருந்து பார்த்தால் மேடை தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும். தெரியவில்லை என்று குறை சொல்லுவதும் அவரேதான்.

ஆகவே கணக்கு சுலபமானது. மேடைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. சனம் உட்காருகிற மேசைகளில் மிக அருகில் இருப்பதே நாலு புள்ளி எட்டு கேட்கிற தூரத்தைவிட இரண்டு மடங்கு தள்ளி இருக்கிறது. ரெண்டு புள்ளி ஒன்பது எடுத்தால் அந்த நெருக்கத்தை மெச்சுவதற்கு ஆள் கிடையாது, அதே வாடகைக்கு நாலு புள்ளி எட்டில் ரொம்பப் பெரிய திரையாகக் கிடைக்கும், கடைசி மேசைக்குப் பளிச்சென்று தெரியும். நாலு புள்ளி எட்டு என்று முடிவெடுத்தேன். எல்லாரும் போடுகிறது அதுதான் என்று பூச்சோங்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார் என்பது உண்மை. ஆனால் அவர் சும்மா சொன்னார், நான் அளந்து சொன்னேன். இந்த வித்தியாசத்தை வீட்டில் யாரும் புரிந்துகொள்ளவில்லை.

பத்திரிகை அடிக்க பிரிக்ஃபீல்ட்ஸ் போனபோது சின்னவளும் வந்திருந்தாள். அவள் அங்கே பக்கத்தில்தான் ஓர் அலுவலகத்தில் கணக்காளராக இருக்கிறாள். கடையில் பத்திரிகை மாதிரிகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். தாயும் மகளும் தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிள்ளையார் படம் போட்ட ஓர் அட்டையைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்துப் பார்த்தேன். அச்சும் புள்ளிதான். சின்னச் சின்னப் புள்ளிகள், நான்கு நிறத்தில். இதையும் பிட்ச் கணக்கில் விளக்கலாமே என்று மகளிடம் ஆரம்பித்தேன். மனைவி கடைக்காரரைப் பார்த்து, பிள்ளையார் முகத்தில் புள்ளி தேடுகிற மனுஷனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறேன் என்று சொன்னாள். கடைக்காரர் பாவம், யார் பக்கம் சிரிப்பது என்று தெரியாமல் நின்றார். மகள் சிரிக்கவில்லை. பிட்ச் பற்றி நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டாள். கல்யாணம் நிச்சயமானதிலிருந்து அவள் கொஞ்சம் அதிகமாகவே என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். போகப் போகிறாள் என்பதால் கேட்கிறாளோ என்று எனக்குத் தோன்றியது. அதை மறைக்க இன்னும் கொஞ்சம் பிட்ச் பற்றிப் பேசினேன்.

திரையை மேடையின் இரண்டு பக்கமும் மாட்டலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். அலங்காரம் செய்கிறவர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் ஆளுயர மயில்கள் வருகின்றன, மயிலுக்குப் பக்கத்தில் திரை வந்தால் மயில் எடுபடாது என்றார். பஞ்சுருண்டையும் பிளாஸ்டிக்குமான அந்த மயிலுக்காக அவர் என்னோடு போராடியதைப் பார்த்தால் சொந்தப் பிள்ளை என்று நினைப்பீர்கள். கடைசியில் திரை நடுவில், மணவறையின் உச்சிக்கு மேலே, இரும்புச் சட்டத்தில் தொங்குவது என்று முடிவானது. எனக்கு அதில் வருத்தமில்லை. உயரத்தில் இருந்தால் எவர் தலையும் மறைக்காது.

முகூர்த்த நாள் வந்தது. காலையில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் நான் நேராகக் கடைசி மேசைக்குத்தான் போனேன். அக்கா ஏற்கனவே அங்கே இருந்தார், கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் போட்டு இடம் பிடித்துக்கொண்டு. திரையில் மகள் மாலையும் கழுத்துமாக மணவறைக்கு வருவது ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு தெளிவு. ஒரு புள்ளி தெரியவில்லை. காதில் போட்டிருந்த ஜிமிக்கி ஆடுவது தெரிந்தது. அக்கா எதுவும் சொல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், அதுவே எனக்குப் பட்டம் வாங்கின மாதிரி. என் வாழ்நாளில் நான் தேர்ந்தெடுத்த எந்தப் பொருளும் இவ்வளவு சரியாக அமைந்ததில்லை என்று நினைத்துக்கொண்டே மேடைக்கு ஏறினேன்.

தாரை வார்க்கிறபோது மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தேன். அவள் கை சில்லென்று இருந்தது. என் மனைவி தண்ணீர் ஊற்றினாள். எங்கள் வேலை அதோடு முடிந்தது, எழுந்து ஓரமாக நின்றோம். ஐயர் தாலியைத் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் ஆசிக்குக் கொடுத்தனுப்பினார். தட்டு திரும்பி வந்தபோது வேலி கட்டுகிற ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் எதிர்பார்த்ததுதான். என் மனைவி எப்படியோ மணவறைத் தூணோடு ஒட்டிக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டாள். நான் முன்னால் நகர்ந்தேன். வீடியோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அங்கிள், நீங்க ஃபிரேம்ல வர்றீங்க. ஸ்கிரீன்ல பின்னாடி உள்ளவங்களுக்கு மறைக்கும். கொஞ்சம் அந்தப் பக்கம் லா."

பின்னால் உள்ளவர்களுக்கு மறைக்கும் என்று சொன்ன பிறகு நான் எப்படி நிற்பது? கடைசி மேசைக்காகத்தானே இத்தனையும். மறுபேச்சில்லாமல் நகர்ந்தேன். மயிலின் தோகைக்கும் மேடையின் விளிம்புக்கும் நடுவில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. தோகையின் நுனி காதைக் குத்தியது. கெட்டிமேளம் என்று ஐயர் கையைத் தூக்கினார். நான் அமைதியாக, திட்டமிட்டபடி, தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்தேன்.

புள்ளிகள் தெரிந்தன.

சிவப்பு, பச்சை, நீலம். கண்ணைக் கூசுகிற வெளிச்சத்தில் லட்சக்கணக்கான புள்ளிகள். மஞ்சளாக ஏதோ ஒன்று ஓரத்திலிருந்து நடுவுக்கு ஊர்ந்தது. தாலிக் கயிறு என்று நினைத்தேன், மாப்பிள்ளையின் விரலாகவும் இருக்கலாம். வீடியோக்காரர் ரொம்பக் கிட்டப் போய் எடுத்திருக்க வேண்டும், ஒன்றுமே உருவமாகச் சேரவில்லை. எனக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. புரிந்துதான் என்ன? திரைக்கும் எனக்கும் இரண்டு எட்டு தூரம்கூட இல்லை. என் கணக்கில் எல்லா மேசைகளும் இருந்தன, டத்தோ வராத மேசைகூட இருந்தது. அப்பன் நிற்கிற இடம் மட்டும் இல்லை. பின்னால் போனால் புள்ளிகள் சேர்ந்துவிடும், அது எனக்கு நன்றாகத் தெரியும், பூச்சோங்கில் வெயிலில் நின்று சாக்கட்டியால் கோடு போட்டவன் நான். ஆனால் பின்னால் மேடை இல்லை, அப்படியே சாய்ந்தால் டத்தோவின் மேசை மேல் விழ வேண்டியதுதான். கண்ணைச் சுருக்கினேன், ஒரு கண்ணை மூடினேன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. என் மனைவி விசும்புவது கேட்டது. முடிந்துவிட்டது.

அட்சதை இரண்டு தடவை வந்து விழுந்தது. மேளத்தைக் கேட்டவர்கள் முதலில் வீசினார்கள். திரையைப் பார்த்தவர்கள் ஒரு கணம் கழித்து வீசினார்கள், திரையில் படம் அவ்வளவு பிந்தித்தான் வருகிறது. தூரத்தை மட்டும் அளந்தவனுக்கு இதுவும் வேண்டும். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. பெண்ணைப் பெற்றவர் அழுவது சகஜம் என்பதால் யாரும் காரணம் கேட்கவில்லை.

கீழே இறங்கினால் பாராட்டு மழை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, தாலிக் கயிற்றில் இருந்த மஞ்சள் ஈரம்கூடத் தெரிந்தது, மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் தங்கை போட்டபோது அவள் வளையல் தடுக்கியதுகூடத் தெரிந்தது, இப்படி ஒரு கல்யாணத்தை நான் பார்த்ததே இல்லை என்றார். பார்த்ததே இல்லை என்று அவர் மூன்று பேரிடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனார். சம்பந்தி வந்து, இது எத்தனை பிட்ச் என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் நான் எத்தனை மாதம் காத்திருந்தேன். நாலு புள்ளி எட்டு என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். மாலையில் திரையைக் கழற்ற வந்த பூச்சோங்காரர், எல்லாம் ஓகேயா அங்கிள் என்று கேட்டார். கேன் என்றேன்.

மனைவியிடம்கூட நான் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள் என்பதல்ல. சிரிக்க மாட்டாள் என்று பயந்தேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னவள் கல்யாண வீடியோவைக் கொண்டு வந்தாள். மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். மனைவி அடுப்படியில் இருந்தாள். நானும் மகளும் மட்டும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தோம். தாலி கட்டுகிற காட்சியை மூன்று பக்கத்திலிருந்து, மெதுவாக ஓடவிட்டு, இசை சேர்த்து வெட்டியிருந்தார்கள். பார்த்தேன். கயிறு, விரல், முடிச்சு எல்லாம் வரிசையாக வந்தது. வேறு யார் வீட்டுக் கல்யாணத்தையோ பார்ப்பதுபோல இருந்தது. ஆனாலும் பார்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த காட்சியில் கேமரா மேடையிலிருந்து மண்டபத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மகள் அதில் நிறுத்தினாள். மண்டபம் நிறையச் சனம். கடைசி மேசைவரைக்கும் ஒவ்வொரு முகமும் அண்ணாந்து இருந்தது, வாணவேடிக்கை பார்க்கிற மாதிரி. ஓரத்தில், மயிலுக்குப் பக்கத்தில், நானும் அண்ணாந்து நின்றேன், ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

"தாலி கட்டுற நேரத்துல என்னைய யாருமே பாக்கலப்பா," என்றாள். குறையாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். "எல்லாரும் என் தலைக்கு மேல பாத்துட்டு இருந்தாங்க."

நல்லாத் தெரியணும்னுதானேம்மா போட்டது என்றேன். எனக்கே அது எடுபடவில்லை.

"தெரியும்பா. ஸ்கிரீன்ல நான் எப்படி இருந்தேன்?"

ஊரே அவளிடம் சொல்லியிருக்கும், அழகாக இருந்தாள் என்று. என் வாயிலிருந்து வர வேண்டும் என்று கேட்கிறாள். பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எனக்குத் தெரியலம்மா, ரொம்பக் கிட்ட நின்னுட்டேன், புள்ளியாத்தான் தெரிஞ்சிச்சு என்றேன். அக்காவின் குத்தல் பேச்சு, மயில்காரரின் பிடிவாதம், வீடியோக்காரர் என்னை நகர்த்தியது எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாரும் மறைத்துவிட்டார்கள், எனக்கு வேறு வழியே இல்லை என்றேன்.

அவள் டிவியில் நின்றுபோயிருந்த என்னையே பார்த்தாள்.

"எனக்கு மறைக்கலப்பா. அந்த வீடியோ அண்ணன் காலை அகட்டி வெச்சுக் குனிஞ்சு நின்னாரு. நான் கீழ உக்காந்திருந்தேன்ல, அந்த இடைவெளியில நீங்க முழுசாத் தெரிஞ்சீங்க. தலையைக் குனின்னு ஐயர் சொல்லிக்கிட்டே இருந்தாரு, நான் கண்ணை மட்டும் தூக்கி உங்களையேதான் பாத்துட்டு இருந்தேன். கட்டி முடிக்கிற வரைக்கும். நீங்க ஒரு தடவைகூடக் கீழ பாக்கலப்பா."